கதைக்கு முன்னால் உள்ள மௌனம்

நவம்பர் 3, திங்கள்

குக்கருக்குப் புது கேஸ்கெட் வாங்கினேன். பழையது இறுகிப்போய், ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. மகள் மிருதுவின் ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்.

ஆபீஸில் இன்றிலிருந்து ரெக்கார்டிங்குகள் வரத் தொடங்கிவிட்டன. நாடு முழுக்க மூன்றாம் வகுப்புக்கு ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எந்த மாநிலம், எந்த மொழி என்றாலும் ஒரே கதை, ஒரே கேள்விகள், ஒரே நேரம். பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொள்ளும். டேப்லெட்டில் ஒரு குரல் கதை சொல்லி, ஐந்து கேள்வி கேட்கும். பிள்ளை வாயால் பதில் சொல்லும். எங்கள் மென்பொருள் அந்தப் பதிலை எழுத்தாக்கி, சரியா தப்பா என்று பார்த்து, இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு நிலையை எட்டியதா இல்லையா என்று சொல்லும். தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

தமிழில் கதை சொல்லும் குரல் சுகந்தியுடையது. அரசுப் பள்ளி டீச்சர் ஒருவரின் குரல் வேண்டும் என்றார்கள். என் மனைவி டீச்சர்தான் என்றேன். மார்ச்சில் பதிவு செய்தோம். ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். டெங்கு.

அந்தக் குரல் பிள்ளையின் ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும். எங்களுக்கு வரும் ரெக்கார்டிங்கில் பிள்ளையின் குரல் மட்டும் இருக்கும். அதனால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை என்று பெனாசிரிடம் சொன்னேன். பெனாசிர் எங்கள் டீம் லீட்.

"இல்ல பூபதி, வேணும்னா கன்னடம் எடுத்துக்கோ. ஆள் இல்லாம கெடக்கு."

"எனக்குக் கன்னடம் தெரியாது."

"உனக்கு இப்பல்லாம் தமிழே வர்றதில்லையே. மூணு வார்த்தைக்கு மேல நீ பேசிக் கேட்டு எத்தன நாளாச்சு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். தமிழையே பார்க்கிறேன் என்றேன். மூன்று வார்த்தைகூட ஆகவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. மிருதுவின் யூனிபார்மை அயர்ன் பண்ணியே காய வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

திரையில் தமிழ் மட்டும் சிவப்பாக இருக்கிறது. மற்ற மொழிகளில் கலந்து கலந்து வருகிறது, வரவேண்டியதுதான். தமிழில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் பூஜ்யம்.

பெனாசிர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் பதில்களைத் திறந்தோம். கதை சின்னது. வள்ளி என்ற சிறுமி பஸ்ஸில் மஞ்சள் குடையை மறந்துவிடுகிறாள். கண்டக்டர் எடுத்து வைத்திருந்து மறுநாள் கொடுக்கிறார். வள்ளி அவருக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுக்கிறாள்.

வள்ளி எதை மறந்தாள்? — சாப்ட்டேன்.
எங்கே மறந்தாள்? — குடைய.
குடை என்ன நிறம்? — பஸ்ஸுல.
அதைத் திருப்பிக் கொடுத்தது யார்? — மஞ்சள்.
அவருக்கு வள்ளி என்ன கொடுத்தாள்? — கண்டக்டர்.

"கண்டக்டரையே தூக்கிக் குடுத்துட்டாளா!" என்று பெனாசிர் சிரித்தாள். பின் வரிசையில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவள் திரையில் விரலை வைத்தாள்.

"புள்ள எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு படி தள்ளி விழுது. முன்னாடி என்னமோ ஒண்ணு வந்து ஒட்டிக்குது. அதென்ன, 'சாப்ட்டேன்'? சாப்பாட்டப் பத்திக் கதையில எங்கயாவது வருதா?"

"கொய்யாப்பழம் வருது."

"அது கண்டக்டருக்கு. சரி, என்னன்னு பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

காலை முழுக்க ரெக்கார்டிங்குகளைக் கேட்டேன். வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. பிளைண்டை இறக்கிவிட்டுக் கேட்டேன்.

எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தொடக்கத்தில் பெஞ்சு நகரும் சத்தம். ஹெட்போன் காதில் உரசும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், கதை தொடங்குவதற்கு முன்னால், பிள்ளை சொல்கிறது: சாப்ட்டேன். திருத்தணியில் சாப்பிட்டேன் டீச்சர். தூத்துக்குடியில் சாப்ட்டேன்க்கா. ஒரு பிள்ளை ம்ம் மட்டும்.

சுகந்தியின் குரல் கோப்பில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. நான்தான் அதை மௌனமாக்கினேன்.

பதிவு நடந்த அன்று சுகந்தி கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். மத்தியக் குழுவிலிருந்து ஒருவர் வீடியோவில் இருந்தார். சைகை காட்டியதும் அவள், "சாப்ட்டியா சாமி?" என்றாள். பிறகு பதில் வந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, "ஒரு ஊர்ல வள்ளின்னு ஒரு புள்ள இருந்துச்சாம்" என்று தொடங்கினாள். முதல் வாக்கியம் எழுதிக் கொடுத்ததில் இல்லை, எடுக்க வேண்டும் என்றார் அவர். மறுபடி எடுத்தோம். மறுபடியும் "சாப்ட்டியா சாமி?"

"சுகந்தி, அது ஸ்கிரிப்ட்ல இல்ல."

"அதக் கேக்காம எனக்கு வாய் வராதுங்க. கிளாஸுக்குள்ள போனதும் மொதோ அதுதான். சாப்டாத புள்ளைகிட்டக் குடையப் பத்திக் கேட்டு என்ன பண்ண?"

"நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்கணுமாம்."

"அப்ப நாடு முழுக்கக் கேக்கச் சொல்லுங்க."

வீடியோவில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒத்துக்கொண்டாள் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அந்த வாக்கியத்தை அழித்தேன். வெட்டி எடுக்க முடியாது. எல்லா மொழிக் கோப்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. நீளத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் ஆகிவிட்டது. அதனால் அந்த இடத்தை அப்படியே வைத்துச் சத்தத்தை மட்டும் எடுத்தேன். அவள் கேட்ட நேரமும் பதிலுக்குக் காத்திருந்த நேரமும் சேர்ந்து ஒரு மௌனம் ஆனது.

டிபன் பாக்ஸ் கழுவினேன். மிருது பாதி சாதத்தை மிச்சம் வைத்திருந்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் ஒலி அலை நேர்கோடு. பெருக்கிப் பார்த்தாலும் நேர்கோடு. சோதனை டேப்லெட்டில் போட்டு ஹெட்போனில் கேட்டேன். மௌனம். உடனே நிறுத்திவிட்டேன். நிறுத்தாவிட்டால் கதை வந்துவிடும்.

ராமநாதபுரம் கள மேற்பார்வையாளர் வெள்ளைச்சாமிக்கு போன் செய்தேன். தேர்வுக்கு முன்னால் உங்கள் ஆட்கள் பிள்ளைகளிடம் ஏதாவது கேட்கிறார்களா என்றேன்.

"சார், நாங்க வாயவே தொறக்கல சார். தொறந்தா வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு நீங்கதானே எழுதி அனுப்பியிருக்கீக."

"பிள்ளைங்க எதுக்கு சாப்ட்டேன்னு சொல்றாங்க?"

"அது எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஹெட்போன மாட்டுன உடனே புள்ளைக மூஞ்சி மாறுது சார். வேற பரீட்சைன்னா மெரளும். இதுல சிரிக்குதுக. சாப்ட்டேன்னு சொல்லுதுக. உள்ள யாரு கேட்டான்னு கேட்டா, டீச்சருங்குதுக. நான் ஒரு தடவ ஹெட்போன வாங்கி மாட்டிப் பாத்தேன் சார்."

"கேட்டுச்சா?"

"இல்ல சார். நமக்கு எதுக்குக் கேக்கப்போவுது." பிறகு அவரே கேட்டார். "சார், அந்தக் குரல் யாரு சார்? நல்ல குரலு."

ஒரு டீச்சர் என்றேன்.

நான் ஒலித் தொழில்நுட்பம் படித்தவன். பிள்ளைகளுக்குக் கேட்டு நமக்குக் கேட்காத அலைவரிசை உண்டு. ஆனால் நேர்கோட்டில் எந்த அலைவரிசையும் இல்லை.

ஐ.சி.யூ.வில் கடைசி நாள் சுகந்தி என்னிடம் ஏதோ கேட்டாள். முகத்தில் மாஸ்க். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உதடு அசைவதும் புருவம் கொஞ்சம் தூக்குவதும் தெரிந்தது, அது கேள்விதான். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது.

பெனாசிரிடம் இன்னும் ஆராய்கிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 8, சனி

பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். கீழ்வீட்டு தனபாக்கியம் அக்கா மாடிப்படியில் பார்த்துவிட்டார். மிருதுவைப் பள்ளி விட்டதும் வைத்துக்கொள்வது அவர்தான்.

"ஏந்தம்பி, காத்தடிச்சா பறந்துருவீங்களாட்ட இருக்குது? உள்ற வாங்க, ரெண்டு தோச ஊத்தறேன்."

"ஆச்சுங்கக்கா. ஆபீஸ்ல ஆச்சுங்க."

"சனிக்கெழமையும் ஆபீஸுங்களா?"

மிருது அக்காவின் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 10, திங்கள்

இந்த வாரம் வந்த ரெக்கார்டிங்குகளில் பதில் நீண்டிருக்கிறது.

சாப்ட்டேன். பிறகு கொஞ்சம் நிறுத்தி, இட்லி. இன்னொரு பிள்ளை, சாப்ட்டேன், பழைய சோறு, இல்ல வெங்காயம் இல்ல. இன்னொன்று, சாப்ட்டேன், நானே போட்டுக்கிட்டேன். யாரோ அடுத்தடுத்துக் கேட்பதுபோல. நான் அழித்த வாக்கியத்தில் ஒரு கேள்விதான் இருந்தது. என்ன சாப்பிட்டாய், யார் போட்டார்கள் என்று அவள் அன்று கேட்கவில்லை. வகுப்பில் கேட்பாளாக இருக்கும்.

நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு பெண் குழந்தை. இல்ல என்றது. மூக்கை உறிஞ்சுகிறது. பிறகு, "மத்தியானம் இங்க போடுவாங்க." இன்னும் கொஞ்சம் கழித்து, "முட்ட." அந்தச் சொல்லில் சிரிப்பு இருந்தது. ஐந்து கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னது. எங்கள் அளவுகோலில் அது நிலையை எட்டவில்லை.

மத்தியானத்துக்கு மேல் சுகந்தியின் பள்ளியிலிருந்தே வந்தது. அவளுடைய வகுப்பு. ஒரு பையன், "சாப்ட்டேன் டீச்சர்" என்றான். பிறகு, "நீங்க எப்ப வருவீங்க?" மௌனம். பிறகு, "சரிங்க டீச்சர்."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வெளியே கேண்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுச் சத்தம் கேட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

பெனாசிர் கதவை மூடிவிட்டுப் பேசினாள்.

"தற்காலிகப் பட்டியல் மேல போயிருச்சு. நிலை எட்டாத பள்ளிகள்னு பாதி தமிழ்நாடு இருக்கு. வேதாரண்யம் பக்கம் ஒரு டீச்சருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துருச்சாம். அந்தம்மா அழுதுக்கிட்டே நம்ம நம்பருக்குப் போன் பண்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பதில ஒரு படி பின்னால நகத்தினா எல்லாருக்கும் மார்க் சரியாயிரும்."

"ஏன் நகத்தணும்னு காரணம் எழுதணும்ல? சும்மா நகத்துனா மார்க்கத் திருத்திட்டோம்னு சொல்வாங்க. காரணம் என்ன?"

காரணத்தை எழுதினால் அந்தக் குரல் விதியை மீறிய குரல். எடுத்துவிடுவார்கள்.

"தெரியல" என்றேன்.

"தெரியலன்னா குரல மாத்திட வேண்டியதுதான். சென்னையில ஒரு வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் தயாரா இருக்காங்க." அவள் குரல் தணிந்தது. "பூபதி, அது சுகந்தியோடதுன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா..."

"அடுத்த செவ்வாய் வரைக்கும் டைம் குடு."

"அதுக்குள்ள வர்ற புள்ளைங்க?"

மிருதுவும் மூன்றாம் வகுப்புதான். பட்டியலில் மிருதுவின் பள்ளி 17ஆம் தேதி திங்கட்கிழமை இருக்கிறது. அதற்காக டைம் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. குழாய் வாஷர் மாற்றினேன். மிருதுவுக்கு உப்புமா.

"உனக்கு?" என்றாள்.

அப்புறம் என்றேன். அவள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

சிவப்பு கூடிக்கொண்டே போகிறது. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பது வேலைக்கு வேண்டியதில்லை, எழுத்தில் படித்தாலே போதும். பெனாசிர் இரண்டு முறை என் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

நவம்பர் 17, திங்கள்

மிருதுவைப் பள்ளியில் விட்டேன். கேட்டில் நின்று, இன்றைக்கு ஒரு டெஸ்ட் இருக்கும், ஹெட்போனில் ஒருவர் கதை சொல்வார், பயப்படாதே என்றேன்.

"யாரு சொல்லுவாங்க?"

"ஒரு டீச்சர்."

என்னைப் பார்த்தாள். சுகந்தி பார்ப்பதுபோலவே, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி. பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் தனபாக்கியம் அக்கா வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டிருக்கிறாள். அக்கா ஆச்சரியப்பட்டுச் சொன்னார்: "வந்ததுலேருந்து வாய் ஓயலைங் தம்பி. பேசிட்டே திங்குது. என்னத்தக் குடுத்தீங்க பள்ளிக்கூடத்துல?"

டெஸ்ட் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு."

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவளும் ஏதோ சொல்லப் போவதுபோல நின்றாள். பிறகு மாடிக்கு ஓடிவிட்டாள். மேலே வந்ததும் நான் குழாய் சொட்டுவதைப் பார்க்கப் போய்விட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ரெக்கார்டிங்கில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு மூக்கடைப்பு.

பெஞ்சு நகர்ந்தது. ஹெட்போன் உரசியது. மௌனம்.

"சாப்ட்டேன்."

மௌனம்.

"எலுமிச்ச சாதம். தெனமும் அதுதான்." கொஞ்சம் சிரித்தாள்.

மௌனம்.

"கொஞ்சம் மிச்சம் வெப்பேன். அப்பாவுக்கு. திங்க மாட்டாரு, கழுவிருவாரு."

மௌனம். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.

"இல்ல, அழ மாட்டாரு. குழா ரிப்பேர் பண்ணுவாரு."

நீண்ட மௌனம். மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. எங்கோ காகம்.

"ம்."

மௌனம்.

"சரி. கேக்கறேன்."

அதற்குப் பிறகு ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னாள். குடைய. பஸ்ஸுல. மஞ்சள். கண்டக்டர். கொய்யாப்பழம். ஒவ்வொன்றும் சரியாக, டீச்சர் வீட்டுப் பிள்ளைபோல.

கோப்பில் நான் வைத்த மௌனம் இவ்வளவு நீளமில்லை. மிருது அவ்வளவு பேச அதில் இடமில்லை. ரெக்கார்டிங்கின் மொத்த நீளத்தைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளுடையதைவிட அதிகம். எல்லா மொழிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நீளம் என்பதுதான் இந்தத் தேர்வின் முதல் விதி. கடிகாரக் கோளாறா என்று பார்த்தேன். இல்லை.

கீழே முடிவு வந்திருந்தது. இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு நிலையை எட்டவில்லை.

பெனாசிரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி நான்குகூட ஆகவில்லை. மிருது தனபாக்கியம் அக்கா வீட்டு வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மேலே கூட்டி வந்தேன். நல்ல வெயில், ஹால் முழுக்க வெளிச்சம்.

"நேத்து டெஸ்ட்ல, சரி கேக்கறேன்னு சொன்னியே. என்ன கேக்கணும்?"

அவள் ஆச்சரியப்படவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"நேத்தே கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ குழாயப் பாக்கப் போயிட்ட."

"இப்ப கேளு."

"நீ சாப்ட்டியாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். ஆபீஸில் ஆச்சு என்று சொல்லத்தான். அது வரவில்லை. மிருது காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, மறுபடி கேட்கவில்லை, பார்வையை எடுக்கவில்லை. கேள்வி முடிந்து பதில் வரும்வரை விடவேண்டிய இடத்தை அப்படியே விட்டு நின்றாள். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தது ஞாபகம் வந்தது, சுகந்தி புருவம் தூக்கியது, நான் தலை ஆட்டியது.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். சமையலறைக்குப் போய்த் தன் டிபன் பாக்ஸை எடுத்து வந்து மூடியைத் திறந்து முன்னால் வைத்தாள். பாதி இருந்தது. ஆறி, விறைத்து, கடலைப்பருப்பு கல்லாகிப் போயிருந்தது. தின்றேன். தொண்டையில் சிக்கியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"உப்பே இல்லல்ல?" என்றாள்.

"இல்ல."

"தெனமும் இப்படித்தான் இருக்கு. நான் உங்கிட்டச் சொல்லவே இல்ல."

நவம்பர் 19, புதன்

காரணத்தை எழுதிக் கொடுத்தேன். பதிவில் கதைக்கு முன்னால் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதை நான் மௌனமாக்கினேன். பிள்ளைகள் அதற்குப் பதில் சொல்கிறார்கள். கதைக்கு முன்னால் சொல்வதையெல்லாம் மென்பொருள் ஒரே பதிலாக எடுத்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டு மற்றவற்றை ஒரு படி நகர்த்தி மதிப்பெண் போடவும்.

பெனாசிர் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மௌனமாக்கின கேள்விக்கு எப்படிடா பதில் சொல்லுவாங்க?"

"தெரியல."

"சத்தம் முழுசா அழியலன்னு போட்டுர்றேன். அது அவங்களுக்குப் புரியும்." கொஞ்ச நேரம் கீபோர்டில் தட்டினாள். "குரல எடுத்துருவாங்க. மூலப் பதிவையும் சர்வர்லருந்து அழிக்கச் சொல்லுவாங்க. வேணும்னா இப்பவே ஒரு காப்பி எடுத்துக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

உண்மையிலேயே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மொதோ வெள்ளிக்கிழமையே சொல்லிருக்கலாம்ல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாம்."

எடுத்துக்கொண்டேன். இன்னும் போட்டுக் கேட்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மதிப்பெண்கள் மாறிவிட்டன. சிவப்பு போய்விட்டது. நாகப்பட்டினத்துப் பெண் குழந்தை நிலையை எட்டிவிட்டது. மிருதுவும். வேதாரண்யம் டீச்சர் பெனாசிருக்குப் போன் செய்து, நன்றி சொல்லாமல் அரைமணி நேரம் திட்டினாராம். "சரியான டீச்சர்" என்றாள் பெனாசிர்.

பருப்பு வேகவைத்தேன். புது கேஸ்கெட் நன்றாக வேலை செய்கிறது.

நவம்பர் 24, திங்கள்

புதுக் குரலோடு முதல் நாள். அந்த வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நீளம் மாறக்கூடாது என்பதால் கதைக்கு முன்னால் அதே மௌனத்தை அப்படியே வைத்திருக்கிறோம். அதே நேர்கோடு.

காலை முழுக்கக் கேட்டேன். பெஞ்சு நகர்கிறது. ஹெட்போன் உரசுகிறது. பிறகு எதுவும் இல்லை. ஒரு பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ரெக்கார்டிங்கில் மட்டும் அந்த இடத்தில் ஒரு பிள்ளை மூச்சை இழுத்துப் பேச வாயெடுத்தது. அதற்குள் கதை தொடங்கிவிட்டது.

மத்தியானம் கேண்டீனுக்குப் போனேன். பெனாசிர் தன் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நவம்பர் 30, ஞாயிறு

கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். மிருது பரவாயில்லை என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். அவள் தரையில் படுத்து, தான் வரைந்த குடைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள். டி.வி. போடவில்லை. கீழ்வீட்டிலும் சத்தமில்லை. நல்ல மத்தியானம்.

திடீரென்று அவள் கிரேயானை நிறுத்தி நிமிர்ந்தாள். நானும் திரும்பினேன்.

"சாப்ட்டாச்சு" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.

அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாப்ட்டியா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.